எப்படித் தெரியும் என்று கேட்கும் பிள்ளை

பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பிறகும் என் வீட்டுப் படியேறி வருகிறவர்கள் இளம் பெற்றோர்கள்தான். "டீச்சர், பையன் கணக்கில் கெட்டி. வரலாறு என்றால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுகிறான். வீட்டில் ஏதாவது செய்து காட்டிப் புரியவைக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு முடியாது என்று நினைக்கவே கூடாது. மொட்டைமாடிக்குப் போனால் மலைக்கோட்டை தெரிகிற ஊர் இது. நானூறு ஆண்டு வரலாற்றைத் தினமும் பார்த்துக்கொண்டே பல் துலக்குகிற பிள்ளைகள் நம்முடையவர்கள்.

ஏழிலிருந்து பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளை மனத்தில் வைத்து இவற்றைச் சொல்கிறேன். இதே வரிசையில் செய்ய வேண்டும் என்பதில்லை. முதலாவதை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். மற்றதெல்லாம் அதன் மேல்தான் நிற்கிறது.

1. கேள்வி பிறக்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள்.

'கோட்டை செய்து கொண்டு வா' என்று பள்ளியில் சொன்னால் வீட்டில் என்ன நடக்கிறது? தெர்மாகோல் வாங்குகிறோம், பழுப்பு வண்ணம் வாங்குகிறோம். ராத்திரி அப்பா வெட்டுகிறார், அம்மா ஒட்டுகிறார், பிள்ளை தூங்கிவிடுகிறது. மறுநாள் அந்தக் கோட்டையைத் தூக்கிக்கொண்டு போகிற பிள்ளையிடம், "மேலே இருந்தவர்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும். அது கைவேலை, அழகாக இருக்கலாம், வரலாறு ஆகாது.

கையால் செய்வது எதற்கு என்றால், செய்யும்போதுதான் கேள்வி வரும். மதில் எங்கே போக வேண்டும், வாசல் எந்தப் பக்கம் என்று கை நிற்கிற இடத்தில் மனசும் நிற்கும். அப்போது நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "இது இப்படித்தான் இருந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்?" பதில் உங்களுக்கும் தெரியாவிட்டால் நல்லது. இரண்டு பேரும் சேர்ந்து தேடுங்கள். இந்தக் கேள்வியைப் பிள்ளை தானாகவே கேட்கத் தொடங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

2. கோட்டையைக் களிமண்ணில் செய்யுங்கள். கொடியை மாற்றிக்கொண்டே இருங்கள்.

முதலில் மலை ஏறுங்கள். வெயில் ஏறுவதற்கு முன் போய்விடுங்கள். மொட்டைப் பாறை, காலை பத்து மணிக்குள்ளேயே சுடத் தொடங்கிவிடும். கையில் ஒரு நோட்டும் பென்சிலும் போதும். பிள்ளைக்கு மூன்று வேலை கொடுங்கள். எந்தப் பக்கம் ஏறலாம், எந்தப் பக்கம் ஏற முடியாது என்று பார்க்க வேண்டும். மழைத் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்க வேண்டும். உச்சியில் நின்று என்னென்ன தெரிகிறது என்று எழுத வேண்டும். ஒரு பக்கம் சிறுமலை, இன்னொரு பக்கம் பழனி மலைத்தொடர், நடுவில் மதுரைக்கும் கோயம்புத்தூர்ப் பக்கத்துக்கும் போகிற சமவெளி. இந்தப் பாறையைப் பிடித்தவன் அந்த வழியைப் பிடித்தான் என்பது அங்கே நின்றால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் புரியும். கீழே உட்கார்ந்து நூறு முறை சொன்னாலும் புரியாது.

வீட்டுக்கு வந்து களிமண்ணைக் குழையுங்கள். தெர்மாகோல் வேண்டாம், களிமண்ணில் சரிவு வரும், பள்ளம் வரும், அதில் தண்ணீர் ஊற்றிப் பார்க்கலாம். மலை காய்ந்த பிறகு கொடிகள். அந்தக் காலத்துக் கொடி எப்படி இருந்திருக்கும் என்று பிள்ளையை ஊகித்து வரையவிடாதீர்கள். நாயக்கருக்கு ஒரு நிறத்துணி, மைசூருக்கு ஒன்று, ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒன்று, அவ்வளவு போதும். இனி வருஷத்தை நீங்கள் சொல்லுங்கள், கொடியைப் பிள்ளை மாற்றட்டும்.

1605: மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் கோட்டை கட்டுகிறார். பின்னால் திருமலை நாயக்கர் அதைப் பலப்படுத்துகிறார். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் மைசூர் கைக்குப் போகிறது. 1755இல் ஹைதர் அலி பௌஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, இங்கே வருகிறார். அப்போது அவர் மைசூர் அரசரின் படைத்தலைவர்களில் ஒருவர், அவ்வளவுதான். பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே ஆயுதச் சாலை அமைத்தார். மைசூரையே ஆளப்போகிற ஒருவர் தன் பலத்தைச் சேர்த்துக்கொண்டது நம் ஊரில்தான் என்பதைப் பிள்ளையிடம் அழுத்திச் சொல்லுங்கள். 1767இல் கம்பெனிக் கொடி. 1768இல் மறுபடி மைசூர். 1783இல் கம்பெனி. 1784இல் மைசூர். 1790இல் கம்பெனி. 1792இல் அது உறுதியாகிவிடுகிறது.

இங்கே நிறுத்துங்கள். "1784இல் கோட்டை மேல் சண்டை நடந்ததா?" என்று கேளுங்கள். நடக்கவில்லை. மங்களூரில் ஹைதர் அலியின் மகன் திப்பு சுல்தானும் கம்பெனியும் ஒப்பந்தம் போட்டார்கள், கொடி இங்கே மாறியது. 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இன்னொரு ஒப்பந்தம், திண்டுக்கல் சீமை நிரந்தரமாகக் கம்பெனிக்குப் போயிற்று. எங்கோ ஓர் ஊரில் எழுதிய காகிதம் இங்கே பாறை மேல் இருக்கிற கொடியை எப்படி இறக்கும்? இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை களிமண். போர் என்றால் வாள் மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, ஒப்பந்தம், கப்பம், கஜானா என்று யோசிக்கத் தொடங்கும்.

3. கல்லைத் தொட்டுப் பார்க்கலாம். கல்லின் மேல் எதையும் செய்யக் கூடாது.

கல்வெட்டு நன்றாகத் தெரியட்டும் என்று சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் எழுத்தைக் கொல்லும். கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி சேதப்படுத்துவது குற்றம். வயலில் பழைய ஓடு கிடந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஓட்டை அங்கேயே விடுங்கள். எந்த இடத்தில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பது போய்விட்டால் அது வெறும் ஓடு.

ஆய்வாளர்கள் கல்வெட்டை மைப்படி எடுக்கும் முறையைப் பிள்ளைக்குக் காட்ட ஆசையாக இருந்தால், ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்க்கச் சொல்லுங்கள். எழுத்து மேலே வரும். உண்மையான மைப்படியில் தாளை நனைத்துக் கல்லின் மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்கி, பிறகு மை ஒற்றுவார்கள். தத்துவம் ஒன்றுதான்.

4. இரண்டு நோட்டு வையுங்கள்.

ஒன்றில் கேட்டது, இன்னொன்றில் கண்டது. மலைக்கோட்டையிலிருந்து சுரங்கப்பாதை போகிறது என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கோட்டை இருக்கிற ஊரில் எல்லாம் இந்தக் கதை இருக்கிறது. பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், "அதெல்லாம் பொய்" என்று வெட்டியும் விடாதீர்கள். முதல் நோட்டில் எழுதட்டும்: யார் சொன்னது, அவருக்கு யார் சொன்னது, எந்தத் தேதியில் கேட்டது. சான்று கிடைக்கிற அன்றைக்கு அது இரண்டாம் நோட்டுக்குப் போகலாம். கிடைக்காவிட்டால் முதல் நோட்டிலேயே மரியாதையாக இருக்கட்டும். மக்கள் எதை நம்பினார்கள் என்பதும் வரலாறுதான், ஆனால் அது வேறு வரலாறு. இந்த வித்தியாசம் தெரியாமல் வளர்ந்த பெரியவர்கள் கைப்பேசியில் வருவதையெல்லாம் பத்துப் பேருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

5. வீட்டில் இருக்கும் பெரியவரிடம் பொதுக் கேள்வி கேட்கவிடாதீர்கள்.

"அந்தக் காலம் எப்படி இருந்தது அப்பத்தா?" என்று கேட்டால் "எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு கண்ணு" என்று முடிந்துவிடும். தண்ணீர் எங்கே எடுத்தீர்கள், குடம் மண்ணா பித்தளையா, வரிசையில் யாரோடு சண்டை வந்தது என்று கேட்கச் சொல்லுங்கள். தண்ணீருக்குத் தவித்த ஊர் நம் ஊர். ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீர், குழாயடி, லாரி என்று அப்பத்தாவிடம் ஒரு நாள் பேசப் போதுமான விஷயம் இருக்கும். ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேட்பது இன்னும் நல்லது. பழைய படி, ஆழாக்கு பரணில் இருந்தால் இறக்குங்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி, எட்டுப் படி ஒரு மரக்கால். அரிசியை அளந்து பிள்ளையே சரிபார்க்கட்டும்.

பணக் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் நூறு நயா பைசாவாக மாறியது. வீட்டில் பழைய காசும் புதிய காசுமாக அட்டையில் வெட்டி வைத்து ஒரு பெட்டிக்கடை போடுங்கள். நாலணாவுக்குச் சரியாக இருபத்தைந்து பைசா. ஓரணாவுக்கு? ஆறேகால் பைசா. கால் பைசா என்று ஒரு காசு கிடையாது. அப்படியானால் ஓரணாச் சாமானுக்கு மீதி கொடுக்கும்போது யாருக்கு நஷ்டம்? கணக்கில் கெட்டியான பையன் வரலாற்றுக்குள் வருகிற கதவு இதுதான். கால் ரூபாய்க் காசு 2011 ஜூன் வரை செல்லுபடியாக இருந்தது, நீங்களே கையில் வைத்திருந்திருப்பீர்கள். உங்களையும் பேட்டி எடுக்கட்டும்.

அறுபத்தைந்து எழுபது வயதுக்கு மேல் உள்ளவர் வீட்டில் இருந்தால் 1973 மே மாதத்து இடைத்தேர்தலைப் பற்றிக் கேட்கவேண்டும். முந்தைய ஆண்டு அக்டோபரில் எம்.ஜி.ஆர். தொடங்கிய அ.தி.மு.க., திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதியில்தான் முதல் வெற்றி பெற்றது. மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் நின்றார். தமிழ்நாடு முழுவதும் இன்று தெரிந்த அந்தச் சின்னம் முதலில் நம் ஊர்ச் சுவர்களில்தான் ஏறியது. அப்போது எம்.ஜி.ஆர். பக்கம் இருந்த ஒருவரையும் எதிர்ப்பக்கம் இருந்த ஒருவரையும் தனித்தனியாகப் பேட்டி எடுக்கச் சொல்லுங்கள். ஒரே கூட்டத்தை இருவரும் வேறு வேறு மாதிரி சொல்வார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை என்பது பிள்ளைக்குப் புரியும்வரை பொறுமையாக இருங்கள்.

இன்னொன்று. தாத்தாவின் பள்ளிச் சான்றிதழில் 'மதுரை மாவட்டம்' என்று இருக்கும். வீடு மாறவில்லை, ஊர் மாறவில்லை, மாவட்டம் மாறியது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பர் 15இல். பழைய கல்யாணப் பத்திரிகை, பத்திரம், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் ஒரு நாள் பாயில் பரப்புங்கள். வரலாற்று ஆவணம் என்பது எங்கோ சென்னையில் பூட்டி வைத்திருப்பது மட்டும் அல்ல என்று காட்டிவிடலாம். பத்திரத்தில் நான்கெல்லையைப் படிக்கும்போது, இன்று இல்லாத கிணறும் வாய்க்காலும் வரும். அவற்றைத் தேடிப் போவதே ஒரு வார வேலை.

6. அறுபது ஆண்டுச் சக்கரம் ஒன்று செய்யுங்கள்.

அட்டையில் வட்டம் வெட்டி, அறுபது தமிழ் வருஷப் பெயர்களையும் விளிம்பில் எழுதி, நடுவில் குண்டூசி குத்தினால் போதும். பெரியவர்கள் 'தாது வருஷப் பஞ்சம்' என்பார்கள். சக்கரத்தில் தாதுவைப் பிடித்தால் 1996, அதற்கு முன் 1936, அதற்கு முன் 1876. பஞ்சம் எது? மூன்றில் எதுவும் இருக்கலாம் அல்லவா? அங்கேதான் வேறு சான்று தேவைப்படுகிறது. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பஞ்சம் 1876 முதல் 1878 வரை நடந்தது. காலத்தை எண்ணுகிற முறைகள் பல இருக்கின்றன, ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிபார்க்க வேண்டும் என்பது சக்கரத்தைச் சுழற்றும்போதே படிந்துவிடும்.

7. பொருந்தல் நெல்லைப் புளியங்கொட்டையால் சொல்லுங்கள்.

இதைத்தான் நான் எல்லாவற்றிலும் அதிகமாக விரும்பிச் செய்வேன். பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்தில் பொருந்தல் என்று ஓர் ஊர். 2009, 2010 ஆண்டுகளில் புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜன் அங்கே அகழாய்வு செய்தார். ஒரு ஈமக்குழியில் நான்கு கால் வைத்த சாடி ஒன்று கிடைத்தது. அதற்குள் ஏறத்தாழ இரண்டு கிலோ நெல். அதே குழியில் கிடைத்த பிரிமனை ஒன்றில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் வ, ய, ர என்று பொறித்திருந்தது. அந்த நெல்லை அமெரிக்க ஆய்வகத்துக்கு அனுப்பிப் பகுத்தபோது கி.மு. 490 என்ற காலம் வந்தது. தமிழ் எழுத்து எவ்வளவு பழையது என்று அறிஞர்கள் நடத்திக்கொண்டிருந்த விவாதத்தில் நம் மாவட்டத்து நெல் சாட்சி சொன்னது.

"நெல்லுக்கு வயசு எப்படித் தெரியும்?" பிள்ளை கட்டாயம் கேட்கும். கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள். இப்போது புளியங்கொட்டையை எடுங்கள். நூறு கொட்டை. தாயக்கட்டைக்குப் பதிலாக ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கி ஆடுவோமே, அப்படித் தரையில் தேய்த்துக்கொள்ளுங்கள். கொட்டைகள்தான் நெல்லுக்குள் இருக்கும் கார்பன்-14 அணுக்கள். உயிரோடு இருக்கும்வரை செடி காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அறுத்த பிறகு புதிதாக எதுவும் உள்ளே வராது, இருப்பது சிதைந்துகொண்டே போகும். நூறையும் குலுக்கிப் போடுங்கள். வெள்ளை மேலே வந்தவை சிதைந்துவிட்டன, ஒதுக்குங்கள். மீதியை எண்ணினால் ஐம்பதை ஒட்டி இருக்கும். ஒரு குலுக்கலுக்கு 5,730 ஆண்டு என்று சொல்லுங்கள். மறுபடி குலுக்கினால் இருபத்தைந்தை ஒட்டி, அடுத்து பன்னிரண்டு, பதின்மூன்று. ஒவ்வொரு குலுக்கலுக்கும் ஒரு பட்டை வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

பொருந்தல் நெல்லின் வயது சுமார் 2,500 ஆண்டு. ஒரு குலுக்கல்கூட முழுதாக முடியவில்லை. நூறில் எழுபத்து நான்கு கொட்டை இன்னும் மிச்சம். அந்த மிச்சத்தை எண்ணித்தான் வயதைச் சொல்கிறார்கள். எந்தக் கொட்டை அடுத்த குலுக்கலில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனால் மொத்தத்தில் எத்தனை போகும் என்று சொல்ல முடியும். பத்து வயதில் இதைக் கையால் உணர்ந்த பிள்ளை, ஆய்வாளர்கள் காலத்தைச் சொல்லும்போது முன்பின் சில ஆண்டு விட்டுச் சொல்வது ஏன் என்று பின்னால் கேட்கவே மாட்டாள். அவளுக்குத் தெரியும்.

கையில் இன்னும் நேரம் இருந்தால், உடைந்த மண்சட்டி ஓடு ஒன்றில் ஆணியால் தமிழி எழுத்தில் தன் பெயரைக் கீறச் சொல்லுங்கள். மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குக் கூட்டிப்போய், கறுப்பு சிவப்புப் பானை எப்படி வருகிறது என்று கேளுங்கள். கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்ளே காற்று போகாமல் கறுக்கும், வெளிப்பக்கம் காற்றுப் பட்டுச் சிவக்கும். முடிகிறபோது கீழடி அருங்காட்சியகத்துக்கும் போய்வாருங்கள். மதுரையைத் தாண்டினால் வந்துவிடும், 2023 மார்ச்சில் திறந்தார்கள். ஆனால் பொருந்தலை வீட்டில் முடித்துவிட்டுப் போங்கள். வெறுமனே கண்ணாடிப் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நடந்தால் பிள்ளைக்குக் கால்தான் வலிக்கும்.

8. பூட்டைக் கழற்றுங்கள்.

திண்டுக்கல் பூட்டு என்று பெருமையாகச் சொல்கிறோம். 2019இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்? பழைய இரும்புக்கடையில் ஒரு பழுதான மாங்காய்ப் பூட்டு வாங்கி, பூட்டுப் பட்டறையில் கொடுத்து ஆணியை வெட்டித் திறந்து தரச் சொல்லுங்கள். உள்ளே தகடு தகடாக லீவர்கள் இருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் ஒரு லீவரை ஒரு குறிப்பிட்ட உயரத்துக்குத் தூக்குகிறது. எல்லா லீவரின் வெட்டும் ஒரே நேரில் வந்தால்தான் தாழ் நகரும். ஒன்று கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் நகராது. அட்டையில் மூன்று லீவர் வெட்டி, குண்டூசி குத்தி, அட்டைச் சாவியும் செய்து பாருங்கள். சாவியில் அரை மில்லிமீட்டர் பிசகினால் பூட்டு திறக்காது என்பதைப் பிள்ளை தன் கையாலேயே கண்டுபிடிக்கும். அரத்தை வைத்து இதை நாள் முழுக்கச் செய்தவர்களின் திறமை அப்போதுதான் தெரியும்.

பிறகு பட்டறைக்காரரிடம் கேள்விகள். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்? ஒரு பூட்டுக்கு எத்தனை கைகள்? உங்கள் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வருகிறாரா? அலிகார் இயந்திரப் பூட்டு மலிவாக வந்து இறங்கிய பிறகு என்ன ஆயிற்று? அவர் சொல்வதை எழுதிக்கொண்டு, கடையில் இரண்டு பூட்டின் விலையையும் பார்த்து வரட்டும். பாடப்புத்தகத்தில் கைத்தொழில்கள் நலிந்தன என்று ஒரு வரி வரும். அந்த வரிக்குள் ஒரு மனிதரின் முகம் இருக்க வேண்டும்.

9. ஊரின் நல்லதோடு கெட்டதையும் சொல்லுங்கள்.

கடுக்காய்த் தோலை இடித்து, தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டி, துருப்பிடித்த ஆணிகளைப் போட்டு ஓரிரு நாள் மூடிவையுங்கள். கறுத்த மை கிடைக்கும். கடுக்காயில் உள்ள துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து கறுக்கிறது. நாணல் குச்சியைச் சீவி அந்த மையில் ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். ஹைதர் அலியிடமிருந்து வருவதாக, கம்பெனித் துரையிடமிருந்து வருவதாக, எப்படியும் இருக்கலாம். மை சட்டையில் பட்டால் போகாது, பழைய துணி உடுத்திவிடுங்கள்.

அதே துவர்ப்புச் சத்துதான் ஆவாரம்பட்டையிலும் இருக்கிறது. அதை வைத்துத்தான் தோலைப் பதனிட்டார்கள். திண்டுக்கல் தோல் ஷாப்புகள் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டவை. அதே தொழில் நிலத்தடி நீரைக் கெடுத்ததும் உண்மை. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நம் மாவட்டத்துத் தோல் ஷாப்புகளும் அதற்குள் வந்தன. மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியாவில் நிலைநிறுத்திய தீர்ப்பு அது. அரசர்களின் வெற்றியை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளை, தன் தெருக் கிணற்றுத் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று கேட்கத் தெரியாமல் வளரும்.

10. விருப்பாச்சிக்கு நூல் பிடியுங்கள். வீரர்களைச் சாதிக்குப் பங்கு போடாதீர்கள்.

1772இல் காளையார்கோவிலில் கம்பெனிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் சேர்ந்து சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றன. அவர் மனைவி வேலு நாச்சியார் மகளோடு தப்பி வந்து தங்கியது ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் நடுவே இருக்கிற விருப்பாச்சியில், பாளையக்காரர் கோபால நாயக்கர் பாதுகாப்பில். ஹைதர் அலியின் உதவியோடு 1780இல் சிவகங்கையை மீட்டார். பாடத்தில் இது சில வரிதான். வீட்டில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து, சிவகங்கையிலிருந்து விருப்பாச்சி வரை நூல் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு நடக்கலாம்? குழந்தையோடு என்றால்? நேர்வழியில் போக முடியுமா, எந்த ஊர் யார் கையில் இருந்தது? எட்டு ஆண்டுகள் எதைச் சாப்பிட்டார்கள், யார் செலவு செய்தார்கள்? அடைக்கலம் கொடுத்தவருக்கு என்ன ஆபத்து? கோபால நாயக்கரையே கம்பெனி 1801 செப்டம்பர் 5 அன்று தூக்கிலிட்டது. திண்டுக்கல் கோபாலசமுத்திரக் குளக்கரை வழியாகப் போகும்போது அந்தப் பெயரைச் சொல்லுங்கள். விருப்பாச்சியில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வீரர்கள் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு சாதியின் சுவரொட்டியில் போட்டுவைத்திருக்கிறோம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்து "இவர் நம்ம ஆளாம்மா?" என்று கேட்கும். மழுப்பாதீர்கள். மறவர் சீமை ராணிக்குத் தெலுங்கு பேசும் பாளையக்காரர் இடம் கொடுத்தார், மைசூரை ஆண்ட முஸ்லிம் ஒருவர் படை கொடுத்தார் என்பதை வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுங்கள். ஆளுக்கொரு பங்காகப் பிரித்தால் அந்தக் கதையே நடந்திருக்க முடியாது.

11. காந்திகிராமத்துக்கு ஒருமுறையாவது போங்கள்.

கையால் செய்து கற்பது என்பது வெளிநாட்டிலிருந்து வந்த புது யோசனை என்று நினைக்கிறவர்கள் உண்டு. 1937இல் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டில் முன்வைத்த ஆதாரக் கல்வியே அதுதான்: ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து மற்றப் பாடங்களை அதிலிருந்து கற்பது. அந்த நம்பிக்கையோடு டாக்டர் சௌந்தரமும் கோ. ராமச்சந்திரனும் 1947இல் சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். பேருந்தில் ஏறினால் சீக்கிரம் போய்விடலாம். நூல் நூற்கும் கைக்கதிரான தக்ளி ஒன்றை வாங்கி வந்து, பஞ்சைக் கொடுத்து, பிள்ளையைப் பத்து நிமிஷம் நூற்கச் சொல்லுங்கள். வந்த நூலை அளந்து, ஒரு சட்டைக்கு எவ்வளவு நூல் வேண்டும் என்று கணக்குப் போடட்டும். சுதேசி என்ற சொல்லுக்குப் பின்னால் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று விரல் வலிக்கும்போது தெரியும். சின்னாளபட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர்களையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

12. தேர்வுக்கு வருஷங்கள் வேண்டும்தான்.

மனப்பாடத்தைப் பழிக்காதீர்கள். 1605, 1755, 1792, 1801 நான்கும் நாக்கில் இருந்தால்தான் நடுவில் வருவதை மாட்ட இடம் கிடைக்கும். ஆனால் முதலில் செய்யட்டும், பிறகு மனப்பாடம்.

13. தனியாக வைத்துச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நான்கைந்து வீட்டுப் பிள்ளைகளைச் சேருங்கள்; ஒரே தெரு, ஒரே உறவு என்று இல்லாமல் பார்த்துச் சேருங்கள். நாகல் நகரில் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பிள்ளை வந்தால், வீட்டில் பேசும் மொழி எங்கிருந்து வந்தது என்ற கேள்வியையும் கொண்டுவரும். பேகம்பூர்ப் பிள்ளை, அந்தப் பகுதிக்குப் பெயர் தந்த ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகத்தின் அடக்கத்தலத்துக்கு மற்றப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும். சிறுமலையிலிருந்து வாழைக்காய் கொண்டுவந்து விற்கிற வீட்டுப் பிள்ளைக்கு மலைப்பாதைகள் தெரியும். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவரட்டும், அதைப் பற்றி மற்றவர்கள் கேள்வி கேட்கட்டும், சொந்தக்காரப் பிள்ளை பதில் தேடி அடுத்த வாரம் வரட்டும். நீங்கள் ஓரமாக உட்கார்ந்து நோட்டில் தேதி போடுகிறார்களா என்று மட்டும் பாருங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம். புளியங்கொட்டைக்கு எங்கேயும் அலைய வேண்டாம், சந்தையில் புளி கொட்டை எடுக்கிற பெண்களிடம் கேட்டால் ஒரு பை நிறையக் கிடைக்கும்.